மறுமதிப்பீடு கோரி

கோபன்ஹேகனில் இருக்கும் தேர்வாளருக்கு,
இத்தோக்கோர்தூர்மீத்திலிருந்து சாலோமினே எழுதுவது.
தேர்வு எண் முப்பத்தொன்று. வயதும் அதேதான்.
பள்ளியைப் பாதியில் விட்டவள்,
இந்தக் குளிர்காலம்தான் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஏழாவது கேள்வி நினைவிருக்கலாம்:
ஒன்பது நாய்களில் ஆறைப் பிடித்து
சறுக்குவண்டியில் பூட்ட எத்தனை வழி?
எண்பத்து நான்கு என்று எழுதினேன்.
நீங்கள் அதைச் சிவப்பில் அடித்து
அறுபதாயிரத்து நானூற்று எண்பது என்று
ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.
கீழே ஒரே ஒரு சொல்: வரிசை!
அந்த ஆச்சரியக்குறிதான் கொஞ்சம் சுட்டது.

ஐயா, அல்லது அம்மா,
(கையெழுத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை)
நீங்கள் பார்த்தது அலாஸ்காப் படமாக இருக்கும்.
காட்டுப் பாதை, நீளமாய் ஒரு கயிறு,
ரயில் பெட்டிகள் மாதிரி நாய்கள்.
இங்கே காடு இல்லை. மரமே இல்லை.
உறைந்த கடல்மேல் விசிறியாகப் பூட்டுவோம்,
ஆளுக்கொரு கயிறு, எல்லாம் வந்து சேர்வது ஒரு முடிச்சில்.

தார்த்தோக்கை இடது ஓரத்தில் விடுவேன்.
முதல் பனிமேடு தாண்டுவதற்குள்
கயோக்கின் கயிற்றுக்கு அடியில் நுழைந்து
லிஸ்பெத்தின் கயிற்றை ஒரே தாவாய்த் தாவி
நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்.
அட்மிராலை எங்கே நிறுத்தினாலும்
காற்று படாத பக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.
மத்தியானம் வண்டி நிற்கும்போது
ஆறு கயிறும் ஒரே பின்னல்.
கையுறையைக் கழற்றி, பல்லால் கடித்துப் பிரிப்பேன்.
நீங்கள் கேட்ட வரிசைகள் அந்தப் பின்னலில் கிடக்கின்றன.
அது நாய்கள் போட்ட கணக்கு.
என்னுடையது விடியும் முன்பே முடிந்துவிட்டது:
யார் வருவது, யார் சங்கிலியில் கிடந்து ஊளையிடுவது.

இரண்டை இடம் மாற்றிப் பார்த்தேன். அதே பயணம்.
ஒன்றை விட்டு வேறொன்றைச் சேர்த்தேன். வேறு பயணம்.
பாடப்புத்தகம் இதற்குத்தான் சேர்வு என்று பெயர் வைத்திருக்கிறது.
அதே ஆறு பேரை நீங்கள்
எழுநூற்று இருபது தடவை
புதுசாக வந்தவர்களைப் போல எண்ணியிருக்கிறீர்கள்.

ஆனால் மறைக்கக் கூடாது.
சாயங்காலம் சீல் இறைச்சியை வெட்டிப் போடும்போதும்
அதே ஆறுதான். கூடவில்லை, குறையவில்லை.
அப்போது வரிசைதான் எல்லாம்.
படைக்குப் பிந்துகிற அட்மிரால்
பந்திக்கு முந்தியாக வேண்டும்.
ஒருநாள் கை தவறி மிக்கிக்கு முதல் துண்டு விழுந்தது.
இரண்டாவது துண்டு விழுவதற்குள்
மிக்கிக்குப் பாதிக் காது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
விடைத்தாள் திரும்பி வந்த வாரம், மே மாதம்,
பாறை இடுக்கு வழியாகப் போனேன்.
அங்கே விசிறி விரியாது,
ஒன்றன்பின் ஒன்றாய்க் கட்டினேன்.
மனசுக்குள் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.
யாரை முன்னால் விடுவது என்று யோசிக்கவில்லை,
கைக்கு அகப்பட்டது தார்த்தோக்.
பனிக்கு அடியில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

லிஸ்பெத் விளிம்பில் நகம் ஊன்றி நின்றது.
பின்னால் இருந்த நான்கும் நின்றன.
கயிற்றை நான்தான் அறுத்தேன்.

இப்போது என்னிடம் எட்டு நாய்கள்.
எட்டில் ஆறு, இருபத்தெட்டு.
தார்த்தோக் இருந்த ஐம்பத்தாறு கூட்டங்களும்
அந்த ஒரு ஓட்டை வழியாகப் போய்விட்டன.
இந்தக் கழித்தலை யாரும் தேர்வில் கேட்கவில்லை,
சரியாக வருகிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.
வருகிறது.

ஆகவே முழு மதிப்பெண் கேட்கவில்லை.
கேள்வியில் ஒரு வரி சேர்த்தால் போதும்,
பூட்டுவது கடல்மேலா, இடுக்கிலா என்று.
அடுத்த முறை எழுதுகிறவள்
எதை வகுக்க வேண்டும், எதை வகுக்கக் கூடாது என்று
தெரிந்து எழுதட்டும்.

கட்டண ரசீது இணைத்திருக்கிறேன்.
பனி உடைந்து கப்பல் வர ஜூலை கடைசி ஆகும்.
பதிலுக்கு அவசரமில்லை.